இத்தாலிக்கு வெளியே நல்ல இத்தாலிய உணவகம்: முதலில் கேட்க வேண்டிய கேள்வி

இத்தாலியில் இரண்டு வாரம் சுற்றிவிட்டுத் திரும்பிய ஒருவர் கேட்டிருக்கிறார்: "அங்கே ரயில் நிலையத்துக்கு எதிரே இருந்த சாதாரணக் கடையில் சாப்பிட்ட பாஸ்தாகூட இன்னும் நாக்கில் நிற்கிறது. வேறு நாடுகளில் பெயர் பெற்ற இத்தாலிய உணவகங்களுக்குப் போனாலும் அந்த ருசி கிடைப்பதில்லை. இத்தாலிக்கு வெளியே நல்ல இடத்தைக் கண்டுபிடிக்க வழி உண்டா?"

உண்டு. நான் இத்தாலியின் போலோன்யா நகரில் ஆறு ஆண்டுகள் வேலை பார்த்தேன். அதற்குப் பிறகு எந்த நாட்டுக்குப் போனாலும் அந்தச் சாப்பாட்டைத் தேடி அலைவது வழக்கமாகிவிட்டது. ஏமாந்தும் இருக்கிறேன், எதிர்பாராத இடத்தில் மனம் நிறையச் சாப்பிட்டும் இருக்கிறேன். இத்தனை தேடலுக்குப் பிறகு, எந்த உணவகத்தைப் பற்றியும் நான் முதலில் கேட்பது ஒரே கேள்விதான்: இது எந்த ஊர்ச் சமையல்?

இத்தாலி ஒரே நாடானது 1861-இல்தான். அதற்கு முன் பல நூற்றாண்டுகள் தனித்தனி அரசுகளாக இருந்த நிலம் அது. அடுப்படிகள் இன்றுவரை அப்படித்தான் இருக்கின்றன. வடக்கே லொம்பார்தியாவிலும் வெனிஸைச் சுற்றியும் அரிசியும் மக்காச்சோள மாவும் வெண்ணெயும். போலோன்யா இருக்கும் எமிலியா பகுதியில் மைதா மாவில் முட்டை சேர்த்துப் பிசைந்து, கட்டையால் தேய்த்த பாஸ்தா. தெற்கே நேப்பிள்ஸ், புலியா, சிசிலி பக்கம் டுரம் எனும் கடினக் கோதுமையின் ரவையும் தண்ணீரும் மட்டும் சேர்ந்த பாஸ்தா, ஆலிவ் எண்ணெய், தக்காளி. போலோன்யாவில் என் வீட்டுக்காரப் பாட்டிக்குத் தன் ஊர்ப் பண்டங்கள் அத்தனையும் கைவந்த கலை. சிசிலியின் கத்தரிக்காய்ப் பண்டம் ஒன்றைப் பற்றிக் கேட்டபோது, "அது அவர்கள் சாப்பாடு, அவர்களைத்தான் கேட்க வேண்டும்" என்றார். தெரியாததைத் தெரிந்ததுபோலச் செய்து காட்ட அவருக்கு மனமில்லை. நல்ல உணவகத்துக்கும் அந்தக் குணம்தான் இருக்கும்.

ஆகவே உணவுப் பட்டியலைக் கையில் எடுத்ததும் அதில் ஓர் ஊர் தெரிகிறதா என்று பாருங்கள். மிலானின் குங்குமப்பூ ரிசோத்தோ எனும் அரிசிப் பண்டம், ரோமின் கார்போனாரா பாஸ்தா, ஜெனோவாவின் பெஸ்தோ எனும் பேசில் இலை விழுது, நேப்பிள்ஸின் பீட்சா, சிசிலியின் பொரித்த அரிசி உருண்டை என எண்பது பண்டங்கள் ஒரே அட்டையில் வரிசையாக இருந்தால், அந்தச் சமையலறை எதையுமே அன்றன்றைக்குச் செய்ய வழியில்லை. குளிர்பெட்டியிலிருந்து எடுத்துச் சூடாக்கித்தான் தர முடியும். தொடக்கப் பண்டம் ஐந்து, பாஸ்தா ஐந்தாறு, இறைச்சியோ மீனோ நான்கு, இனிப்பு மூன்று என்று ஒரு பக்கத்தில் முடிந்துவிடும் பட்டியலே எனக்கு நம்பிக்கை தரும். அதில் பாதி ஒரே பகுதியைச் சேர்ந்ததாக இருந்தால் உள்ளே போய் உட்கார்ந்துவிடுவேன்.

பட்டியலில் சில பெயர்கள் உடனே உண்மையைச் சொல்லிவிடும். கார்போனாராவில் கிரீம் சேர்த்திருப்பதாக எழுதியிருந்தால் அங்கே அதைக் கேட்காதீர்கள். ரோமில் அதற்கு வேண்டியது முட்டை, பெக்கோரீனோ எனும் ஆட்டுப்பால் சீஸ், குவாஞ்சாலே எனும் பன்றிக் கன்ன இறைச்சி, மிளகு, அவ்வளவுதான். கிரீம் சேர்ப்பதற்குக் காரணம் பயம். முட்டையைச் சரியான சூட்டில் கலக்கத் தெரியாவிட்டால் அது பொரித்த முட்டையாகத் திரிந்துவிடும். கிரீம் ஊற்றினால் அந்த ஆபத்து இல்லை, ருசியும் இல்லை. இறைச்சி விஷயத்தில் மட்டும் நான் பிடிவாதம் பிடிப்பதில்லை. சில நாடுகளில் குவாஞ்சாலே கிடைக்காது, அங்கே பான்செத்தா எனும் பன்றி வயிற்று இறைச்சி போட்டுச் செய்தால் குற்றமில்லை. அதைப் பட்டியலிலேயே வெளிப்படையாகச் சொல்லும் உணவகத்தின் மேல் மரியாதை கூடும்.

ஸ்பகெட்டி போலோன்யீஸ் என்ற பெயர் உலகம் முழுதும் இருக்கிறது. போலோன்யாவில் அந்த இறைச்சிக் குழம்புக்கு ராகு என்று பெயர். அதைத் தல்யதெல்லே என்ற பட்டையான முட்டைப் பாஸ்தாவோடுதான் சாப்பிடுகிறார்கள். வழுக்கும் ஸ்பகெட்டியில் இறைச்சித் துணுக்குகள் ஒட்டாமல் தட்டின் அடியில் தங்கிவிடும், பட்டையான சொரசொரப்பான பாஸ்தா அவற்றைப் பற்றிக்கொள்ளும். இதை அந்த ஊர்க்காரர்கள் எவ்வளவு பெரிதாக எடுத்துக்கொள்கிறார்கள் என்றால், வெந்த தல்யதெல்லேயின் அகலம் 8 மில்லிமீட்டர் என்று 1972-இல் போலோன்யா வர்த்தக சபையில் பதிவு செய்து, தங்கத்தில் ஒரு மாதிரியும் வைத்திருக்கிறார்கள். ராகுவின் செய்முறையை இத்தாலியச் சமையல் அகாதெமி அதே சபையில் 1982-இல் பதிவு செய்தது. வெளிநாட்டு உணவகம் ஒன்றின் பட்டியலில் "தல்யதெல்லே அல் ராகு" என்று இருந்தால், அந்தச் சமையலறையில் விஷயம் தெரிந்தவர் ஒருவர் இருக்கிறார் என்று கொள்ளலாம்.

ஆல்ஃபிரெதோ பாஸ்தாவின் கதை வேறு. ரோமில் ஆல்ஃபிரெதோ தி லேலியோ என்பவர் வெண்ணெயும் பார்மிஜானோ சீஸும் மட்டும் சேர்த்து, வாடிக்கையாளர் கண்ணெதிரே கிளறிப் பரிமாறிய பாஸ்தா அது. 1920-இல் தேனிலவுக்கு வந்த ஹாலிவுட் நட்சத்திரங்கள் மேரி பிக்ஃபோர்டும் டக்ளஸ் ஃபேர்பேங்க்ஸும் அதைச் சாப்பிட்டுப் புகழ, அமெரிக்காவில் பெயர் பரவியது. அங்கே போனதும் கிரீமும் கோழியும் சேர்ந்துகொண்டன. இத்தாலியில் பாஸ்தாவின் மேல் கோழித்துண்டு வைத்துத் தருவதைக் காண்பது அரிது.

இதனால் அமெரிக்க இத்தாலியச் சமையலைப் போலி என்று தள்ளிவிட வேண்டாம். 1880-க்கும் 1920-க்கும் இடையே சுமார் 40 லட்சம் இத்தாலியர்கள், பெரும்பாலும் தெற்கத்திய ஏழைகள், அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறினார்கள். ஊரில் அபூர்வமாகக் கிடைத்த இறைச்சி அங்கே தாராளமாகக் கிடைத்தது. பெரிய இறைச்சி உருண்டைகள் போட்ட ஸ்பகெட்டி அந்த வாழ்க்கையில் பிறந்தது. அர்ஜென்டினாவுக்குப் போன இத்தாலியர்களின் சந்ததியினர் ஒவ்வொரு மாதமும் 29-ஆம் தேதி நியோக்கி எனும் சிறு உருளைக்கிழங்கு மாவு உருண்டைகளைச் சாப்பிடுகிறார்கள். இவை தமக்கென ஒரு வரலாறு உள்ள சமையல்கள். நீங்கள் தேடுவது அதையா, இத்தாலியில் சாப்பிட்டதையா என்று தெரிந்துகொண்டு போனால் இரண்டையும் ரசிக்கலாம். ஒன்றின் பெயரைச் சொல்லி மற்றதைப் பரிமாறும்போதுதான் எனக்குக் கோபம் வருகிறது. ஒரு துறைமுக நகரத்தில், வாசலில் "அசல் ரோமானியச் சமையல்" என்று எழுதியிருந்த இடத்தில், பெக்கோரீனோ சீஸும் மிளகும் மட்டும் சேர்ந்த பாஸ்தாவான காச்சோ இ பேப்பே கேட்டேன். பாலும் மாவும் காய்ச்சிய வெள்ளைக் குழம்பில் மிளகைத் தூவிக் கொண்டுவந்து வைத்தார்கள். ரோமின் எந்தப் பகுதிச் சமையல் என்று பரிமாறியவரிடம் கேட்டேன். "எல்லாப் பகுதியும்தான் ஐயா" என்றார். அந்தப் பையனைக் குறை சொல்லிப் பயனில்லை, அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

நம்பிக்கை தரும் வரிகளும் பட்டியலில் இருக்கும். பெஸ்தோவோடு உருளைக்கிழங்கும் பீன்ஸும் சேர்த்திருந்தால் அது ஜெனோவாவை அறிந்தவர் கை. ரிசோத்தோவுக்குப் பக்கத்தில் "இருவருக்குக் குறையாமல்" என்றோ "இருபது நிமிடம் ஆகும்" என்றோ குறிப்பு இருந்தால் மகிழ்ச்சியடையுங்கள். கார்னரோலி அரிசியோ வியலோனே நானோவோ, பச்சை அரிசியிலிருந்து கிளறி இறக்கப் பதினாறு முதல் பதினெட்டு நிமிடமாவது வேண்டும். ஏழே நிமிடத்தில் மேசைக்கு வந்தால் அது முன்பே பாதி வேகவைத்தது. மாறாக, எல்லாவற்றின் மேலும் ட்ரஃபிள் எனும் நிலத்தடிக் காளானின் பெயரில் வரும் எண்ணெயை ஊற்றும் இடத்தைத் தவிர்த்துவிடுங்கள். சந்தையில் விற்கும் அந்த எண்ணெயில் பெரும்பாலானவற்றுக்கு மணம் தருவது காளான் அல்ல, ஆய்வுக்கூடத்தில் செய்த வாசனைப் பொருள்.

இதெல்லாம் தட்டு வருவதற்கு முந்தைய கணக்கு. தட்டு வந்த பிறகு பார்க்க வேண்டியது ஒன்றுதான், அதை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

சமையலறை தெரியும்படி ஓர் இடம் கிடைத்தால் அங்கே உட்காருங்கள். நல்ல சமையல்காரர் பாஸ்தாவைப் பானையில் முழுதாக வேகவிட மாட்டார். ஓரிரு நிமிடம் இருக்கும்போதே இடுக்கியால் தூக்கி, குழம்பு இருக்கும் வாணலியில் போடுவார். பாஸ்தா வெந்த தண்ணீரைக் கரண்டியால் மொண்டு ஊற்றுவார். கலங்கலாக, மாவுச்சத்து நிறைந்த தண்ணீர் அது. பிறகு அடுப்பிலிருந்து வாணலியைச் சற்றுத் தூக்கி, மணிக்கட்டைச் சுழற்றி, பாஸ்தா மேலே எழும்பித் திரும்பி விழும்படி குலுக்குவார். முதலில் தண்ணீர் ஒருபுறம், எண்ணெய் ஒருபுறமாக இருக்கும். அரை நிமிடத்தில் இரண்டும் ஒன்றாகிப் பளபளவென்று ஒரு பூச்சாக ஒவ்வோர் இழையிலும் ஏறும். சத்தமும் மாறும்: தொடக்கத்தில் சளசளவென்று கேட்பது, பிறகு ஈரமான துணியைத் தட்டுவதுபோலத் தடித்துக் கேட்கும். இந்த வேலைக்கு இத்தாலியர்கள் மன்தெகாத்தூரா என்று பெயர் வைத்திருக்கிறார்கள். இதைச் செய்ய விலை உயர்ந்த பொருள் எதுவும் வேண்டாம், கவனம் வேண்டும். நூறு பேருக்குப் பாஸ்தாவை முன்கூட்டியே வேகவைத்து, மேலே குழம்பை ஊற்றித் தரும் இடத்தில் இது நடக்காது.

சமையலறை தெரியாவிட்டாலும் தட்டே சொல்லும். முள்கரண்டியில் சுற்றித் தூக்கும்போது குழம்பும் கூடவே வர வேண்டும். பாஸ்தா ஒரு குவியலாகவும் அதன் மேல் குழம்பு ஒரு தொப்பியாகவும் இருந்தாலோ, சாப்பிட்டு முடித்த பிறகு தட்டின் அடியில் வெளிர்சிவப்புத் தண்ணீர் தேங்கி நின்றாலோ, அங்கே இரண்டாம் முறை போகத் தேவையில்லை. எனவே புது உணவகத்தில் முதல் முறை மிக எளிய பாஸ்தாவைக் கேளுங்கள். தக்காளியும் பேசில் இலையும் சேர்ந்தது, அல்லது பூண்டும் எண்ணெயும் மிளகாயும் மட்டும் சேர்ந்த ஆல்யோ எ ஓலியோ. ஒளிந்துகொள்ள இடமில்லாத பண்டங்கள் இவை. இறாலும் கிரீமும் காளானும் சேர்ந்த பண்டத்தில் எந்தத் தவறும் மறைந்துவிடும்.

இன்னொரு தவறான எண்ணத்தையும் சொல்லிவிட வேண்டும். "நாங்கள் எல்லாப் பாஸ்தாவையும் கையாலேயே செய்கிறோம்" என்பது பெருமைக்குரிய வரியாகப் பலருக்குத் தெரிகிறது. முட்டைப் பாஸ்தாவைக் கையால் செய்வது சரி. ஆனால் ஸ்பகெட்டியும் ரிகத்தோனியும் உலர்ந்த பாஸ்தாவாக இருப்பதுதான் முறை. நேப்பிள்ஸுக்கு அருகிலுள்ள கிரன்யானோ போன்ற ஊர்கள் அதற்கே பெயர் பெற்றவை. உலர் பாஸ்தாவை டுரம் கோதுமையில் மட்டுமே செய்ய வேண்டும் என்று இத்தாலியில் 1967-இல் சட்டமே வந்தது. வெண்கல அச்சில் பிழிந்த நல்ல உலர் பாஸ்தாவின் மேல்பரப்பு சொரசொரப்பாக இருக்கும், குழம்பை விடாது. கார்போனாராவை மென்மையான புதுப் பாஸ்தாவில் தந்தால் பல்லுக்கு வேலையே இருக்காது.

பீட்சா தேடுபவர்களுக்கு வழி எளிது. நேப்பிள்ஸில் 1984-இல் தொடங்கிய ஒரு சங்கம், தன் விதிகளின்படி செய்யும் கடைகளுக்கு உலகெங்கும் எண்ணிட்ட உறுப்பினர் பலகை தருகிறது. அந்த ஊர் நாடகக் கோமாளியான புல்சினெல்லா பீட்சாவை ஏந்தி நிற்கும் படம் அதில் இருக்கும். சங்கத்தின் இணையதளத்தில் நாடுவாரியாகக் கடைகளைத் தேடலாம். சுமார் 450 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் 60 முதல் 90 வினாடிக்குள் வெந்துவிடும் பீட்சா அது. விளிம்பு உப்பி ஆங்காங்கே கருகியிருக்கும், நடுப்பகுதி மெத்தென்று ஈரமாக இருக்கும். அதை வேகவில்லை என்று திருப்பி அனுப்புபவர்களைப் பார்த்து வருந்தியிருக்கிறேன். மொறுமொறுப்பு வேண்டுமென்றால் ரோம் பாணியில் மெல்லியதாகச் செய்பவரைத் தேடுங்கள். இங்கும் எந்த ஊர் என்பதுதான் கேள்வி.

உணவகங்களைத் தேடிப் பிடிக்க எனக்குப் பயன்பட்ட வழிகள் சில. இத்தாலிய வெளியுறவு அமைச்சகம் 2016 முதல் ஆண்டுதோறும், பெரும்பாலும் நவம்பரில், உலக இத்தாலியச் சமையல் வாரம் நடத்துகிறது. ஒவ்வொரு நாட்டிலும் உள்ள தூதரகமும் இத்தாலியப் பண்பாட்டு மையமும் அதில் பங்கேற்கும் உணவகங்களையும் சமையல்காரர்களையும் அறிவிக்கும். அந்தப் பழைய அறிவிப்புகளைத் தேடிப் படித்தாலே நல்ல பெயர்கள் கிடைக்கும். இத்தாலிய வர்த்தக சபைகளின் வழியாக வழங்கப்படும் ஓஸ்பிதாலித்தா இத்தாலியானா என்ற சான்றிதழும் உண்டு. கம்பெரோ ரோஸ்ஸோ என்ற இத்தாலிய உணவு வழிகாட்டி நிறுவனம் வெளிநாட்டு இத்தாலிய உணவகங்களுக்கெனத் தனிப் பட்டியல் வெளியிடுகிறது. இணைய வரைபடங்களில் மதிப்பெண்ணைப் பார்ப்பதைவிட, இத்தாலிய மொழியில் எழுதப்பட்ட விமர்சனங்களை மட்டும் பிரித்துப் படிப்பது நல்லது. வெளிநாட்டில் வாழும் இத்தாலியர் ஊர் நினைவில் எழுதும் நாலு வரி, மற்றவர்கள் தரும் நானூறு நட்சத்திரங்களைவிட மதிப்புள்ளது. உணவகம் எடுத்த படங்களை விட்டுவிட்டு, சாப்பிட்டவர்கள் எடுத்த மங்கலான படங்களைப் பெரிதாக்கிப் பாருங்கள். குழம்பு இழையில் ஏறியிருக்கிறதா, அடியில் தேங்கியிருக்கிறதா என்பது அதிலேயே தெரிந்துவிடும். இத்தாலியச் சீஸும் இறைச்சியும் விற்கும் சிறு கடை இருந்தால், தங்களிடம் எந்த உணவகங்கள் வாங்குகின்றன என்று கேளுங்கள். இவ்வளவிலும் அந்தக் கேள்விதான் எனக்கு அதிகம் உதவியிருக்கிறது.

சமையல்காரர் இத்தாலியரா என்று நான் பார்ப்பதில்லை. ஹாங்காங்கில் உம்பெர்தோ பொம்பானா நடத்தும் ஓத்தோ எ மெட்சோ 2012-ஆம் ஆண்டு மிஷலின் வழிகாட்டியில் மூன்று நட்சத்திரம் பெற்றது. இத்தாலிக்கு வெளியே அந்த உயரத்தை எட்டிய முதல் இத்தாலிய உணவகம் அது. அவர் இத்தாலியர்தான். ஆனால் 2024-இல் இத்தாலியர்கள் தொகுக்கும் உலகப் பீட்சா பட்டியலில் முதலிடம் பெற்ற நியூயார்க் கடையை நடத்துபவர் நியூஜெர்சியில் வளர்ந்தவர். டோக்கியோவில் நேப்பிள்ஸுக்குப் போய்த் தொழில் பழகி வந்த ஜப்பானியர்கள் சுடும் பீட்சாவுக்கு நேப்பிள்ஸ்காரர்களே தலையாட்டுகிறார்கள். யாரிடம் கற்றார், எந்த ஊரில் கற்றார் என்பதுதான் பொருட்டு.

சைவ உணவுக்காரர்கள் ஒரு விஷயத்தில் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். பார்மிஜானோ ரெஜானோ, பெக்கோரீனோ ரோமானோ இரண்டையும் உறையவைக்கப் பயன்படுவது, கன்று அல்லது ஆட்டுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுக்கும் உறைபொருள். காய்கறிப் பாஸ்தாதானே என்று எண்ணிக் கேட்டாலும் மேலே அதைத் தூவித்தான் வரும், முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். தெற்கத்தியச் சமையலில் உங்களுக்கு நிறைய இருக்கிறது: சிசிலியின் கத்தரிக்காய்ப் பண்டமான கப்போனாத்தா, கொண்டைக்கடலை மாவில் செய்யும் பனெல்லே. வடக்கே லிகூரியாவில், அதே மாவில் செய்யும் ஃபரினாத்தாவும் உண்டு.

கடைசியாகத் தொலைபேசி. போவதற்கு முன் பேசிவிடுவது என் பழக்கம். ஒருமுறை, குளிர்கால மாலையில், புதிதாக வந்து சேர்ந்த ஒரு நகரத்தில், எட்டு மேசை மட்டுமே உள்ள உணவகத்துக்குப் பேசினேன். எந்த ஊர்ச் சமையல் என்று கேட்டதும், தொலைபேசியை எடுத்த அம்மாவின் குரல் மாறிவிட்டது. "புலியா. பாரி நகரத்துக்குத் தெற்கே எங்கள் கிராமம்" என்றார். அப்படியானால் சீமே தி ராப்பா போட்ட ஒரேக்கியெத்தே இருக்குமா என்றேன். புலியாவின் அடையாளமான பாஸ்தா அது: காது மடல் வடிவம், கூடவே கசப்புக் கீரை. "இன்றைக்கு இருக்கிறது. ஆனால் நீங்கள் கேட்பது போல இருக்காது. கீரை வாடிவிட்டது, வேறு கீரை போட்டிருக்கிறேன். வியாழக்கிழமை நல்ல கீரை வரும், அன்றைக்கு வாருங்கள்" என்றார். என்னை அன்றே வரவழைத்திருக்கலாம், இடமும் காலியாக இருந்தது.

வியாழக்கிழமை ஏழு மணிக்குப் போய் உட்கார்ந்தேன். கீரையும் பாஸ்தாவும் ஒரே பானையில் வெந்து, நெத்திலி கரைந்த எண்ணெயில் புரண்டு, கரும்பச்சையாக வந்தது. மேலே சீஸுக்குப் பதிலாக வறுத்த ரொட்டித்தூள். தட்டைத் திரும்ப எடுக்க வந்தபோது அதில் எண்ணெய்ப் பளபளப்பு மட்டும்தான் மிச்சம் இருந்தது. அதையும் துடைத்துச் சாப்பிட ஒரு துண்டு ரொட்டியை அந்த அம்மா கையோடு கொண்டுவந்திருந்தார்.